திரும்பித் திரும்பி வந்த பலாமரத் தட்டு

"தட்டும் சேர்த்துத்தான் பரிசுன்னு சொன்னியா, இல்லியா?"

"சொல்லிக்கினேதான்யா இருந்தேன்..."

"அப்ப ஏன் திரும்பி வந்துது?"

"...அதுக்குள்ள கேக்கைத் தூக்கிக்கினு உள்ள போயிட்டாங்க. நான் கத்தினது காதுல விழுந்தாதானே!"

கிறிஸ்டோபர் கேட்க, மனைவி ஷாரோன் பதில் சொல்ல, இருவரும் போட்ட சத்தத்தில் கிறிஸ்துமஸ் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் அந்தத் தட்டு. பலாப்பலகையில் குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி, தெருவுக்கே இப்படித் தட்டு செய்து அதில் கேக் வைத்து ஷாரோனிடம் கொடுத்தனுப்பியிருந்தான். ரேணுகாம்பாள் மட்டும் அதிரசம் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அவன் தச்சுப் பட்டறை நடத்துவது அவளுடைய கொட்டாயில்தான். மெஷினை ஓட்டினால் மரத்தூள் பறந்து, தறிக்காக அவள் தெருவில் நீள விரிக்கும் பட்டு நூல் பாவிலெல்லாம் படிகிறதாம். பொங்கலுக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தாள். அவள் மனதைக் குளிரவைக்கத்தான் இந்தத் தட்டு.

"வேணாம்னு சொல்லாம சொல்றாங்க, ஷாரோன்."

"வெறும் தட்டா அனுப்பக் கூடாதுன்னு பலகாரம் வெச்சிருக்காங்க. நீயே போய்ச் சொல்லு. இந்தா, ரெண்டு வாழைப்பழம். வெறுங்கையோட போவாத."

போனான். ரேணுகாம்பாள் பழத்தை எடுத்துக்கொண்டாள். அவன் "அக்கா, இந்தத் தட்டு..." என்பதற்குள் முறுக்கை அள்ளி வைத்து, "உன் பொண்டாட்டி தட்டைத் தேடப்போறா, போப்பா" என்று அனுப்பிவிட்டாள்.

முறுக்கோடு வந்து நின்றவனைப் பார்த்து ஷாரோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டில் வைக்க அச்சப்பம் எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.

"வெச்சா திரும்பவும் வந்துடும்டி!" முறுக்கை மேசையில் கொட்டிவிட்டு, வெறுந்தட்டோடு கிளம்பிவிட்டான்.

"என்னாபா இது, நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டைத் தூக்கிக்கினு வர்ற?" ரேணுகாம்பாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தட்டுதான்க்கா பரிசு. நானே செஞ்சது. திருப்பித் தராதீங்க."

அவள் தட்டை வாங்கிப் புரட்டினாள். புடவை வாங்குகிறவளைப் போல ஓரமெல்லாம் விரலால் தடவினாள்.

"இத்த செய்யவா அந்தச் சத்தம்?"

"ஆமாங்க்கா."

"வழவழன்னு இருக்குதேப்பா, பட்டு வெச்சாக்கூட இழை மாட்டாது. தையில என் பொண்ணு சீர்வரிசைக்கும் இதே மாதிரி பண்ணிக் கொடு."

"பொங்கலுக்குள்ள காலி பண்ணணும்னீங்களே, அக்கா?"

"பாவு விரிக்கிறது காலையில மட்டும்தானே? மத்தியானத்துக்கு மேல மெஷினை ஓட்டட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்க, இத்தினி நாளா உனக்கு வாய் இல்லியா?"