கோடி வேட்டி

காவ்யா தம்பியின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக் கரும்புள்ளிகளின் மேல் போகும்போது கை தானாக மெதுவானது. பத்தொன்பது வயது தமிழ்செல்வனின் உடலைக் குளிப்பாட்டுவதற்காக வாசல் வெயிலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அப்பா ஆண்டியப்பன் அவன் முகத்துக்கு நேராகக் குடை பிடித்து நின்றார். இனி எதற்கு என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

சின்ன வயதில் அந்தப் புள்ளிகளை முந்திரிக்கொட்டைப் பால் தெறித்த தழும்பு என்றே நினைத்தார்கள். ஆலங்குடிப் பக்கம் கொட்டை உடைக்கிற வீட்டில் தழும்பில்லாத பிள்ளை ஏது? தேங்காய் எண்ணெய் தடவித் தோப்புக்கே திரும்ப அனுப்பினார்கள். மூக்கில் வந்த புண் ஆறாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி.

வெயில் எல்லோர் தோலையும் உள்ளுக்குள் கொஞ்சம் கெடுக்கும், அதை அன்றன்றே சரிசெய்ய உடம்பில் புரதங்கள் உண்டு, இவனுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். சரியாகாமல் சேர்ந்ததுதான் புற்றுநோயாம். அவள் அப்பா அம்மாவைப் போலச் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். வீட்டில் வேறு யாரும் அப்படிக் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டார். அப்பா வெளியே தம்பியோடு இருந்தார். அத்தை மகன் அய்யப்பனைக் கட்டியிருந்த காவ்யா இல்லையென்று தலையாட்டினாள். தன் பிள்ளையைப் பற்றி அப்படியொரு சொல் காதில் விழுவதைக்கூட அவளால் தாங்க முடியாது.

அய்யப்பன் கோடி வேட்டியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். பின்னால் அவன் அம்மா பிச்சையம்மாள், இரண்டு வயது ஹரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்த காவ்யா மகளைப் பார்த்து இரண்டு மாதமாகிறது. பிள்ளை வெயிலுக்குக் கண் திறக்க முடியாமல் சிணுங்கியது. மூக்கின் மேல் நாலைந்து கரும்புள்ளிகள்.

"இது எப்ப வந்துச்சு அத்தை?"

"முந்திரிப் பாலு தெறிச்சிருக்கும் ஆத்தா. எண்ணெ தடவிருக்கேன்."

காவ்யா கோடியை எடுத்து உதறிப் பிள்ளையின் தலையும் முகமும் மறையப் போர்த்தினாள்.

"கிறுக்கச்சி, பொணத்துக்கு வந்த கோடிடி!" அத்தை வேட்டியைப் பிடுங்கினாள். பிள்ளை மறுபடி கண்ணை இடுக்கியது.

காவ்யா அப்பாவிடம் திரும்பினாள். "வீட்டுல வேற யாரும் சொந்தத்துல கட்டியிருக்காங்களான்னு டாக்டர் கேட்டாருப்பா. நாந்தான் இல்லைன்னுட்டேன்."

ஆண்டியப்பன் பேத்தியின் மூக்கைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டடி நகர்ந்து குடையை அவளுக்கு மேல் பிடித்தார்.

தமிழ்செல்வனின் முகத்தில் வெயில் விழுந்தது.