மடக்காத கத்தி

பக்ரீத் பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தது. நான் வால்பாறைக்குக் கிளம்ப ஆறு நாள். முதல் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது எனக்கு மட்டும்.

அன்று காலை மொட்டை மாடியில், இணையத்தில் வரவழைத்த கத்தி இரண்டாகப் போயிற்று. படத்தில் பார்த்தபோது பச்சைப் பிடியும் கறுப்பு அலகுமாக ஏதோ போருக்குப் போவது போல இருந்தது. காய்ந்த பூவரசங்குச்சியின் மேல் அதை நிறுத்தி, ஒரு கட்டையால் கத்தியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அலகு குச்சிக்குள்ளேயே நின்றுவிட்டது. பிடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குக்கூட இரும்பு இல்லை. மீதியெல்லாம் பிளாஸ்டிக்கும் பொந்தும். வந்த பெட்டியிலேயே இரண்டு துண்டையும் போட்டு, பழைய பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஜெயபாரதி அக்கா எச்சரித்துத்தான் இருந்தார். வால்பாறையில் மழைக்காலத் தவளைக் கணக்கெடுப்பை நடத்துகிறவர் அவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். "மடக்குக் கத்தி வேணாம்மா. மழையில கீலுக்குள்ள மண்ணு போயிச் சிக்கிக்கும், இல்லன்னா வெரல் மேலயே மடங்கும். மடக்காத கத்தியா எடுத்துட்டு வா. இரும்பு பிடியோட அடி வரைக்கும் போயிருக்கணும். சவரக்கத்தி மாதிரிக் கூரா இருக்கக் கூடாது, மூங்கில்ல அடிக்கிறது அது. வெலை ஒசந்ததும் வேணாம், முதல் மாசமே தொலைச்சிருவ" என்று போனில் சொல்லியிருந்தார். அங்கே கயிறு அறுக்க, கூடாரத்துக்கு முளை சீவ, ஓடைக்கரையில் எல்லைக் குச்சி நட, ஈர விறகைப் பிளந்து உள்ளே காய்ந்திருப்பதை எடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான்.

விலங்கியலில் முதுகலை முடித்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் நான் பி.எட். சேரப்போவதாக நினைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை. வேலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பி இரண்டு வாரம் ஆகியும் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் என்னைப் பேசாதே என்று யாரும் சொன்னதில்லை. நான் ஆரம்பிப்பதற்குள் பேச்சு முடிந்திருக்கும், அவ்வளவுதான். கத்தி ஒன்று கைக்கு வந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே ஒரு தவணை வைத்திருந்தேன். அந்தத் தவணைதான் மாடியில் உடைந்தது.

அன்று மாலையே அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் தியாகராசன் பாத்திரக் கடைக்குப் போனேன்.

"ஜெக்கரியா பாய் மகதான நீ? என்னம்மா வேணும்?"

"கத்திண்ணே."

"பெருநாளுக்கா?"

கேட்டவர் முகம் அவ்வளவு நிச்சயமாக இருந்தது. கடையில் வேறு நான்கு பேர் நின்றார்கள். "ஆமாம்" என்றேன். ஒரே ஒரு சொல். அதைவிடச் சுலபமான சொல் அப்போது எதுவும் தோன்றவில்லை.

அவர் குனிந்து ஒரு கட்டுக் கத்தியையே எடுத்து மேசையில் பரப்பினார். அறுக்க இது, தோலுரிக்க இது, எலும்புக்கு இது. எல்லாம் முழங்கை நீளம், காகிதம் போல மெலிசு. ஒன்றின் நுனியைப் பிடித்து வளைத்து விட்டார். "பாரு, வில்லு மாதிரி."

"வளையாதது இருக்காண்ணே? குட்டையா, கனமா?"

"வளையாததா? ஆட்ட அறுக்கப் போறீங்களா, அடிச்சுக் கொல்லப் போறீங்களா?"

நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீடு வரும் வரை அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. அதைத் துடைத்தெறிய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் பி.எட். விண்ணப்பம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். கீழவாசலில் இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு கடையிலும் ஏறி இறங்கினேன். கதிர் அறுக்க, மட்டை வெட்ட, வரப்பு செதுக்க, முள் கழிக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இரும்பு தொங்குகிறது. எல்லாம் வளைந்தது, தன் பக்கமாக இழுப்பதற்கானது. நேராக, கையளவாக, குத்தி நிறுத்தி முதுகில் அடித்தால் தாங்கக்கூடியதாக ஒன்று கேட்டால், கத்தியை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"கூட யாரும் வரலியாம்மா?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் வெளிப்படையாகவே சொன்னார். "சின்னதா நேரா இருக்குறத வயசுப் புள்ளைங்களுக்கு விக்கிறதில்லம்மா. நாளைக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டு எவன்டா வித்ததுன்னு கேட்டா எனக்குத்தான தலவலி. எவனாவது தொந்தரவு பண்றானா? அப்பாகிட்ட சொல்லு."

காய்கறி நறுக்க, மீன் ஆய, தேங்காய் உடைக்க என்று கடைக்கு ஒரு காரணம் சொன்னேன். காரணத்துக்கு ஏற்ற கத்தி எடுத்துக் கொடுத்தார்கள். அதில் அவர்கள் குற்றம் என்ன இருக்கிறது? ஆனால் கோபம் வந்தது. ஒரு ஆண் வந்து அதே கத்தியைக் கேட்டிருந்தால் விலையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசிக் கடையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "எதுக்குன்னு சொன்னா எடுத்துத் தருவேன். சொல்ல இஷ்டமில்லன்னா அந்த டிரம்முல இருக்கு, நீயே தேடிக்க" என்று சொல்லிவிட்டுத் திட்டலைத் தொடர்ந்தார். அந்த ஊரிலேயே எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான் என்று பட்டது.

டிரம்முக்குள் கைப்பிடி போன அரிவாள்களுக்கு அடியில் அது கிடந்தது. கையளவு அலகு. பழைய வண்டிப் பட்டை இரும்பில் அடித்தது. இரும்பு பிடியின் அடி வரை ஓடி வெளியே தெரிந்தது; இரண்டு பக்கமும் மரம் வைத்து மூன்று ஆணி இறக்கியிருந்தது. விளிம்பு தடிமன். கல் தரையில் முனையை ஊன்றி உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். அசையவில்லை.

"திருக்காட்டுப்பள்ளிக்காரரு ஒருத்தரு வாழைத்தார் வெட்டன்னு சொல்லி அடிக்கச் சொன்னது. ஆளு வரவேயில்ல" என்றார் அந்த அம்மா. சொன்ன விலை உடைந்த கத்தியின் விலையில் பாதிகூட இல்லை. கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "கையில குடுத்தா சண்ட வரும்பாங்க."

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வாக்கியங்களைத் தயார் செய்தேன். குடமுருட்டி ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மணலில் பையன்கள் பந்து விளையாடினார்கள். அத்தா, எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. இல்லை, அத்தா, நான் ஒண்ணு சொல்லணும். இல்லை.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தா கேட்டார். "கத்தி வாங்கிட்டியா?"

தியாகராசன் கடையிலிருந்து செய்தி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

"குர்பானிக்குக் கத்தி தேடுதாமே ஒங்க புள்ளன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. எடு, பாப்போம்."

எடுத்தேன். அத்தா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். செருப்புக் கடை வைத்திருப்பவர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தையலைத் தேடுவார். மூன்று ஆணியையும் விரலால் தடவினார். "நல்ல இரும்பு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அண்ணன் அபுதாபிக்குப் போனதிலிருந்து பெருநாளன்று ஆட்டின் காலைப் பிடிக்க அவர் வெளியாளைத்தான் தேடுகிறார். நான் அந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒவ்வொரு வருடமும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு என்று அப்போதுதான் பார்த்தேன்.

உடனே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டார். "நௌஷாத், ஒன் தங்கச்சி குர்பானிக்குக் கத்தி வாங்கியாந்துருக்காடா!"

"அவளா? தவளைய அறுத்துப் படிச்சவளுக்கு ஆடு எம்மாத்திரம்" என்று அண்ணன் சிரித்தான்.

நான் ஒரு தவளையைக்கூட அறுத்ததில்லை. சத்தத்தை வைத்து எண்ணத்தான் படித்தேன். அதை யாரிடம் சொல்ல?

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கறி அலசச் சொன்னா மூக்கப் பொத்துற ஆளு. இவளுக்கு எங்கேர்ந்துங்க திடீர்னு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ சும்மா இரு ஷம்சாத். ஏதோ மனசு வந்துருக்கு."

அடுத்த நாள் காலையில் சொல்லப் போனேன். ஆட்டுக்குத் தழை வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மதியம் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, பிடியை எந்தக் கையால் பிடிக்க வேண்டும், பிஸ்மி சொல்லி எப்படி ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தலையாட்டினேன். இரவு அறையில் பையைக் கட்டினேன், பிரித்தேன். மழைக்கோட்டு, அட்டைக்கடிக்கான நீளக் காலுறை, தலைவிளக்கு. கத்தி வைக்க விட்டிருந்த இடம் காலியாகவே இருந்தது. கத்தி அத்தாவின் அலமாரியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை, பெருநாளுக்கு முந்தின நாள் வைக்கும் அரஃபா நோன்பு. மூன்று பேரும் நோன்பு வைத்திருந்தோம். ஜும்ஆ தொழுகைக்குப் போன அத்தா சாயங்காலம்தான் திரும்பினார். கொல்லையில் முருங்கை மரத்தில் ஆடு கட்டியிருந்தது. நானும் அம்மாவும் துவைக்கும் கல்லருகே நாளைக்கு வேண்டிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அத்தா ஆட்டுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். அறுக்கப்போகிற ஆட்டின் கண்ணில் கத்தி படக் கூடாது.

"சாணைக்குக் குடுத்து வாங்கியாந்தேன். ஒரு மணி நேரம் நின்னேன், கூட்டம். பாரு, முடிய வச்சு ஊதுனா அறுந்துரும்."

பார்த்தேன். அந்தத் தடிமனான விளிம்பு இல்லை. அலகின் முதுகு வரை இழைத்து எடுத்திருந்தார்கள். அலகு பளபளவென்று, வெங்காயத் தோல் போல, விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. தியாகராசன் கடைக் கத்திகளின் தம்பி.

"என்னத்தா பண்ணுனீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அம்மா உரிப்பதை நிறுத்தினார்.

"ஏன்மா? நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இல்ல. வெளிம்பு கனமா இருக்கணும். அதுக்குத்தான வெயில்ல கட கடையா ஏறி எறங்குனேன். இப்ப மூங்கில்ல ஒரு அடி அடிச்சா பல்லுப் பல்லாப் போயிரும்."

அத்தா கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"ஆட்டுல எங்கம்மா மூங்கி இருக்கு?"

அம்மா, "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார் மெதுவாக.

தயார் செய்திருந்த வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கையில் வெங்காயம் இருந்தது. கண் எரிந்தது.

"அது ஆட்டுக்கு இல்லத்தா. எனக்கு. வர்ற திங்கக்கெழம வால்பாறைக்குப் போறேன். காட்டுல தவள எண்ணுற வேல. எட்டு மாசம். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

என் சத்தத்துக்கு ஆடு மெல்வதை நிறுத்தித் தலையைத் திருப்பியது. அத்தா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கத்தியைக் கொண்டுபோய்த் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.