ஒரு வாரம் முன்னதாக எழுந்த கோழி

பெட்டை வான்கோழியைத் தெருநாய் கடித்துப் போட்டுவிட்டது. ரஞ்சிதாவுக்கு மிஞ்சியது ஒற்றைச் சேவலும், பெட்டை கடைசியாக இட்ட முட்டைகளும்தான்.

அவள் நாட்டுக்கோழி வைத்துக்கொள்வதில்லை. நாட்டுக்கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழிக் குஞ்சை விட்டால் மஞ்சளாகக் கழிந்து சாகும். ஒரு கூட்டம் குஞ்சுகளைப் புதைத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டாள். அதனால் அடைக்கோழிக்கு அடுத்த வீட்டில் போய் நிற்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தது புருஷனின் அக்கா சென்னம்மாள்; ரஞ்சிதாவுக்கு நங்கையா முறை. பொரிப்பதில் பாதி அவளுக்கு என்று பேச்சு. கூட வேறு முட்டை வைக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

கோழி முட்டை பொரிய மூன்று வாரம், வான்கோழி முட்டைக்கு நான்கு. மூன்றாம் வாரம் முடிந்ததும் அந்தக் கோழி எழுந்து, தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்கு மேயப் போய்விட்டது.

ரஞ்சிதா கூடைக்குள் கை விட்டாள். முட்டைகள் சில்லிட்டிருந்தன. ஒன்றை உடைத்தாள். முடி முளைத்த குஞ்சு, கண் திறக்காமலே செத்திருந்தது.

“எடம் இருந்துச்சு, நம்முளுதுலயும் நாலு வெச்சேன். முட்டைதான அம்முணி, அதுக்கா மூஞ்சியத் தூக்குற?” என்றாள் சென்னம்மாள்.

ரஞ்சிதா சண்டை போடவில்லை. சண்டை போட்டால் மனம் ஆறிவிடும். ஆற விட அவளுக்கு விருப்பமில்லை.

ஆடி கழிந்ததும் சென்னம்மாளே சந்தையில் வான்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தாள். அவை தீனியைப் பார்த்தபடியே பட்டினி கிடந்தன. வெட்கமில்லாமல் வேலியோரம் வந்து யோசனை கேட்டாள்.

“உங்க கோழிக் குஞ்சுகளோட சேத்து உடுங்க நங்கையா. அதுகளப் பாத்துக் கொத்தப் பழகிக்கும்.”

அது பொய்யில்லை. பழகிக்கொண்டன. ஊரெல்லாம் ரஞ்சிதாவின் கைராசியைப் பற்றிப் பேசினாள் சென்னம்மாள். ரஞ்சிதா சேந்தமங்கலம் போய்க் கழிச்சலுக்கு மருந்து வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பிறகு காத்திருந்தாள்.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறக்கை தொங்கி விழுந்தன. கடைசிக் குஞ்சை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள் சென்னம்மாள். பின்பக்கம் மஞ்சளாக அப்பியிருந்தது. எதையாவது செய் என்று அழுதாள்.

ரஞ்சிதா அதைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் இன்னும் உயிர் இருந்தது.

“இது தேறாதுங்க. உட்டுட்டுப் போங்க, நானே குழி தோண்டிப் போட்டுக்கறேன்.”

அவள் போனதும் கதவைச் சாத்தினாள். அலகைப் பிரித்து மருந்தை ஊற்றினாள். மண்ணில் கால் படாமல் உயரக் கம்பிக்கூண்டில் போட்டாள்.

பங்குனி பிறந்தபோது அது நல்ல பெட்டையாக நின்றது. சேவல் வாலை விரித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. வேலிக்கு அப்பால் நின்று வெகுநேரம் பார்த்தாள் சென்னம்மாள்.

“நம்ம குஞ்சாட்டவே இருக்குது?”

“உங்குளுதுதான் செத்துப் போச்சுங்களே,” என்றாள் ரஞ்சிதா. கூண்டுக்குள் கை விட்டு முட்டையை எடுத்தாள். சூடாக இருந்தது. சென்னம்மாள் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துவிட்டு வைக்கோலில் திரும்ப வைத்தாள்.

“இந்தத் தடவ உங்க கோழி வேண்டாமுங்க நங்கையா. இதே அடை படுத்துக்கும்.”