ஓநாய் அம்மாவின் ஊளை

கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அடித்தே பிழைக்கிறோம். சினிமாவில் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட நாயகன் வில்லனின் தாடையைப் பெயர்ப்பானே, அந்தச் சத்தம் எங்களுடையது. படத்தை ஓடவிட்டு, மைக் முன்னால் ஈரத் துண்டு சுற்றிய முட்டைக்கோஸை அவர் குத்துவார். எலும்பு முறிவதற்கு நான் கேரட் ஒடிப்பேன். மிச்சம் சமையலுக்கு ஆகும்.

எங்கள் படம் எதையும் மகளுக்குக் காட்டியதில்லை. எல்லாம் ரத்தக்களரி, ஆறு வயதுப் பிள்ளை பார்க்கிற மாதிரியா இருக்கும்? அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டால், காய் உடைக்கிறார் என்று சொல்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் ஓநாய்க் குடும்பப் படம் கைக்கு வந்தபோது துள்ளிக் குதித்தேன். பகலில் மனிதர்கள், நிலா எழுந்தால் ஓநாய்கள். அப்பா, அம்மா, இரண்டு வாலுக் குட்டிகள். என் வேலையை என் மகள் கேட்கப்போகும் முதல் படம்.

எடுத்த எடுப்பிலேயே கோட்டை விட்டோம். கை பழக்கத்தை விடவில்லை. ஓநாய் அப்பா தொட்டிலை நோக்கி நடக்க, இவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சரளைக் கல்லை மிதித்தார். பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிற இடத்தில் ஒரு முட்டைக்கோஸ் குத்து. குட்டிகள் தொலைந்ததும் அம்மா ஓநாய் ஊளையிட வேண்டும். அதையும் இவரே போட்டார், யாரையோ பழிவாங்கக் கிளம்பிய மாதிரி. நானும் பக்கத்தில் நின்று, பிரமாதம் என்று தலையாட்டினேன்.

டைரக்டர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இவரு குழந்தையத் தூக்க வர்றாரா, தூக்குல போட வர்றாரா? ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களக் கூப்பிட்டுப் படத்தைப் போடறோம். ஒரு பிள்ளை பயந்து அழுதாலும் மொத்தச் சத்தத்தையும் கம்ப்யூட்டர்ல மாத்திருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் போனதும் வீட்டுக்காரர் முறுக்கிக்கொண்டார். "என் ஊளைக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லைங்க. அந்தக் குட்டிங்க இதைக் கேட்டா வீட்டுக்கு வராது, நேரா போலீசுக்குப் போகும்."

பூட்ஸைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். அவரை வெறுங்காலோடு கம்பளியில் நடக்கவிட்டேன். கையுறை விரல்களில் பேப்பர் கிளிப் ஒட்டிப் பலகையில் தட்டினால் அசல் ஓநாய் நகச் சத்தம். கட்டிப்பிடிக்க ஒரு தலையணை போதும்.

ஊளைக்கு நானே நின்றேன். முதலில் இருமல்தான் வந்தது. அப்புறம், தொலைந்தவை என் பிள்ளைகள், பொழுது சாய்ந்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோபமும் பயமுமாக அடிவயிற்றிலிருந்து ஊளை கிளம்பியது. அவர் ஹெட்போனைக் கழற்றிவைத்து, "எனக்கே வீட்டுக்கு ஓடணும்போல இருக்கு" என்றார்.

ஞாயிறு மதியம் தியேட்டர் நிறையப் பிள்ளைகள். மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எது யார் சத்தம் என்று அவளிடம் சொல்லவில்லை. டைரக்டர் கடைசி வரிசையில் நின்றுகொண்டு திரையைப் பார்க்காமல் பிள்ளைகளையே பார்த்தார்.

குட்டிகள் தொலைந்தன. அரங்கமே கப்சிப். முன்வரிசையில் ஒரு பொடியனுக்கு உதடு பிதுங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று வீட்டுக்காரரின் கையை நசுக்கினேன்.

அம்மா ஓநாய் தலையைத் தூக்கி ஊளையிட்டது.

மகள் சட்டென்று இருக்கைமேல் ஏறி நின்றாள். திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

சொன்னது போதாதென்று கழுத்தை நீட்டி ஒரு ஊளையும் விட்டாள். அடுத்து அந்தப் பொடியன். பிறகு வரிசை வரிசையாக அத்தனை பிள்ளைகளும். படத்துக் குட்டிகள் கொடுத்த பதில் யார் காதிலும் விழவில்லை. டைரக்டர் ஓடிவந்து குனிந்து, "ஒரு சத்தத்தைக்கூடத் தொடக்கூடாது, அப்படியே இருக்கட்டும்" என்று கத்த வேண்டியிருந்தது.

மகள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, மைக் இல்லாமல், அவளுக்காக இன்னொரு முறை ஊளையிட்டேன்.