நான்காவது ஜீன்

இந்த மாதக் கடைசியில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்தால்தான் விசா, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதை முடிவு செய்ய வெள்ளிக்கிழமை வரும் ஆய்வுக் குழு கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் ஜீன்களைக் கோத்துச் செய்த பாக்டீரியா இன்னும் மெதுவாக மின்னிக் காட்ட வேண்டும்.

எப்படி மின்னுகிறது என்று போனில் அக்காவுக்குச் சொன்னேன்.

“மூணு ஜீன்க்கா. ஒண்ணு ரெண்டாவதோட வாயை அடைக்கும், ரெண்டாவது மூணாவதை, மூணாவது திரும்ப மொதல்ல இருக்கிறதை. யாரும் ரொம்ப நேரம் ஆட முடியாது. அதான் வெளிச்சம் ஏறி ஏறி இறங்குது.”

“நம்ம வீடு மாதிரின்னு சொல்லு. அப்பா அம்மாவை அடக்குவாரு, அம்மா உன்னை, நீ அப்பாவை. சத்தம் ஓயவே ஓயாது.”

“அதேதான். இப்ப நாலாவதா ஒண்ணு சேத்திருக்கேன். வட்டம் பெருசானா சுத்தி வர நேரம் ஆகும்ல?”

“பரவால்லடா, மண்டையில ஏதோ இருக்கு உனக்கு.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தலைமை ஆராய்ச்சியாளரிடம் கேட்கவில்லை. இதுகூடத் தெரியாதவனையா வேலைக்கு வைத்தோம் என்று அவர் நினைத்துவிட்டால்?

செவ்வாய்க்கிழமை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெளிச்சம் ஒரு தடவை மங்கி எழுந்தது. எனக்கு உயிர் வந்தது. பிறகு பாதி செல்கள் பச்சையாகவும் பாதி இருட்டாகவும் நின்றன, நின்றது நின்றபடியே. கேமராவைச் சந்தேகப்பட்டேன். செல்களை வளர்க்கும் வெப்பப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

எந்நேரமும் வாயைப் பிளப்பதால் ‘கொட்டாவி’ என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

“போட்டோவா எடுக்கிறே?”

“வீடியோடா.”

“உன் பாக்டீரியா என்னை விட சோம்பேறியா இருக்கே.”

தலைமை ஆராய்ச்சியாளர் வந்தார். திரையைப் பார்த்தார்.

“எத்தனை ஜீன்?”

“நாலு மேடம்.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நாலுன்னா கூட்டணி ஆயிடும்ப்பா. ஒண்ணு ரெண்டை அமுக்கும். ரெண்டு அமுங்கினதால மூணு தைரியமா நாலை அமுக்கும். நாலு அமுங்கினா ஒண்ணுக்குத் தொல்லையே இல்ல. அப்புறம் எதுக்கு மாறணும்? இன்னொரு செல்லுல ரெண்டும் நாலும் சேந்துக்கும். அதான் பாதி பச்சை, பாதி இருட்டு. ஒத்தப்படையா இருந்தாத்தான் இந்த வட்டம் சுத்தும்.”

“அஞ்சாக்கிட்டா?”

“சுத்தலாம். கட்டி முடிக்க ரெண்டு மாசம் ஆகுமே.”

“பழைய மூணையே காட்டலாமா மேடம்?”

“அதைப் போன வருஷமே பாத்துட்டாங்க.” அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

வெள்ளிக்கிழமை குழுவினர் அந்த அசையாத படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பணிவாக, “இன்னும் லோடு ஆகலையா?” என்றார். மதியமே முடிவு வந்தது. நீட்டிப்பு இல்லை.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

“என்னப்பா, நீட்டிச்சாச்சா?”

“சொல்றோம்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“சொல்லிடுவாங்க. உன்னை விட்டா அவங்களுக்கு ஆளு எங்க?”

சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டு, ஐந்தாவது ஜீனுக்கான முதல் குழாயைக் கலந்தேன். லேபிளில் பழக்கத்தில் என் பெயரை எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்தும் இங்கே இருக்கப்போகும் கொட்டாவியின் பெயரை எழுதி ஒட்டினேன்.