திறந்த வீட்டில் திருடாதவன்

பேஸ்பால் களத்தில் ஏமோஸ் ஹேம்ப்டன் மட்டையோடு வந்து நின்றாலே, மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற எதிரணிக் கேட்சர் வெர்ன் கொவால் உஷாராகிவிடுவான். அடித்து நொறுக்குகிற ஆள் இல்லை ஏமோஸ். அவன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பியதெல்லாம் அபூர்வம். அணியின் முதல் ஆளாக வருவான், பாதி உட்கார்ந்த மாதிரி குனிந்து நிற்பான். இந்தக் குள்ளத்துக்கு எங்கே பந்தைப் போடுவது என்று தெரியாமல், பந்து வீசுகிற பிட்சர் நாலு பந்தை வெளியே போட்டுத் தொலைப்பான். நாலு பந்து அப்படிப் போனால் அடிக்காமலே முதல் பேஸ் இலவசம். ஏமோஸ் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சாவகாசமாக முதல் பேஸுக்கு நடப்பான்.

தலைவலி அதற்குப் பிறகுதான். பிட்சர் அடுத்த பந்தை விடக் காலைத் தூக்கியதுமே ஏமோஸ் இரண்டாம் பேஸை நோக்கிப் பாய்ந்திருப்பான். வெர்ன் பந்தைப் பிடித்து, எழுந்து, எறிந்து, அது போய்ச் சேரும்போது ஏமோஸ் அங்கே எழுந்து நின்று பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான். அதற்கடுத்த பந்தில் மூன்றாம் பேஸ். இப்படி யாரும் அடிக்காமலே அடுத்த பேஸை ஓடிப் பிடிப்பதற்குத் திருட்டு என்று பெயர். பிறகு யாராவது சப்பையாக ஒரு பந்தைத் தட்டிவிட்டால் போதும், சுற்றை முடித்து ஓடி வந்துவிடுவான். அணியில் ஒருத்தனும் உருப்படியாக அடிக்காமலேயே ஸ்கோர்போர்டில் ஒரு ரன் ஏறியிருக்கும்.

இதில் கொழுப்பு என்னவென்றால், சொல்லிவிட்டுத் திருடுவான். மட்டை பிடிக்க வரும்போதே, "வெர்ன், வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இன்னிக்கு மூணாவது பந்துக்குக் கிளம்பறேன், தூங்கிடாதே" என்பான். மூன்றாவது பந்துக்கே கிளம்புவான். பிடிக்க முடியாது.

பெரிய அணிகள் அவனை ஒரே ஒரு கோடையில் ஒரு மாதம் கூப்பிட்டுப் பார்த்தன. தூர அடிக்கிறவன்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டன. கண் இல்லாதவர்கள். அதற்குப் பிறகு இந்தச் சின்ன லீக்கிலேயே, பஸ்ஸில் இடுப்பொடிய ஊர் ஊராகப் போய் ஆடினான். ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. தொடையில் பழைய காயம் தழும்பாகியிருந்தும், ஆளே இல்லாத மழைநாள் மைதானத்தில்கூட, பத்தாயிரம் பேர் பார்ப்பது போலத்தான் பாய்வான்.

எதிரணியில் இருந்துகொண்டே வெர்ன் அவனை மனதுக்குள் கொண்டாடினான். குளிர்காலம் முழுக்க அண்ணனுடைய தானியக் கொட்டகையில் பழைய டயரைத் தொங்கவிட்டு எறிந்து பழகியது ஏமோஸால்தான். அந்த டயருக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று மனைவி கேலி செய்வாள். அப்படிப் பழகியும் பத்து வருஷத்தில் இரண்டோ மூன்றோ தடவைதான் பிடித்தான். அதுவும் ஏமோஸ் ஈர மண்ணில் சறுக்கியதால். சுத்தமாக, அவன் முழு வேகத்தில் ஓடி, இவன் எறிந்து பிடித்தது என்று ஒன்றுகூட இல்லை. அது வெர்னுக்கு ஆறாத குறை.

எண்பத்தாறாம் வருஷம் செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவாவில் ஏமோஸின் சொந்த மைதானத்தில், அவனுடைய கடைசி ஆட்டம். முப்பத்தெட்டு வயது, இனி உடம்பு கேட்காது என்று அவனே அறிவித்துவிட்டான். அந்த லீக்கில் வாழ்நாள் திருட்டுகளில் முதலிடம் எப்போதோ செத்துப்போன ஒருவருடையது. போன வாரம் ஏமோஸ் அவருடைய எண்ணிக்கையைத் தொட்டிருந்தான். இன்னும் ஒன்றே ஒன்று திருடினால் அவன் பெயர் மட்டும் தனியாக நிற்கும். நாளை என்று ஒரு நாள் அவனுக்கு இல்லை. வறுத்த வேர்க்கடலைப் பொட்டலமும் கையுமாக ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

முதல் மூன்று தடவையும் ஏமோஸ் முதல் பேஸை எட்டாமலே அவுட்டானான். ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வந்தபோது வெர்னின் அணி ஏழு ரன் முன்னால் இருந்தது. இன்னும் ஒரு அவுட் எடுத்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது மறுபடி ஏமோஸின் முறை. பந்தை மட்டையால் தொட்டும் தொடாமலும் கோட்டோரமாக உருட்டிவிட்டு, தொடையைப் பிடித்துக்கொண்டே ஓடி முதல் பேஸில் ஏறிவிட்டான். மைதானம் அதிர்ந்தது.

வெர்னின் மானேஜர் ப்ரூயிட் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் களத்தில் இறங்கும் முன்பே வெர்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் ஓடினா ஓடட்டும். பந்தைக் கையிலேயே வெச்சிக்கோ. நம்ம முதுகுல ஏறி அவன் பேர் வாங்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். விதி அப்படி. தடுக்க யாரும் முயலாதபோது ஓடிப் போய்ச் சேர்ந்தால் அது திருட்டாகாது. சும்மா விட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள். இத்தனை ரன் முன்னால் இருக்கிற அணி அப்படி விடுவது வழக்கமும்கூட, யாரும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்கிறவரும் ப்ரூயிட்தான். வெர்னுக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் போயாயிற்று.

முதல் பேஸைக் காக்கிற ஹட்ச், பேஸை விட்டு எங்கேயோ பின்னால் போய் நின்றான். பிட்சர் ஏமோஸின் பக்கம் திரும்பவே இல்லை. ஓடு, ஓடு என்று ஊரே கத்தியது. ஏமோஸ் இரண்டு காலையும் பேஸின் மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றான். முதல் பந்து ஸ்ட்ரைக், அடிக்க வேண்டிய பந்து வீணாகிவிட்டது. அவன் அசையவில்லை. இரண்டாவதும் ஸ்ட்ரைக். மட்டை பிடித்திருந்த பையன் ஏமோஸுக்காகவே அடிக்காமல் விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது ஸ்ட்ரைக்கும் விழுந்தால் அவன் அவுட், ஆட்டமே முடிந்துபோகும்.

ஏமோஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "ஏன் வெர்ன், கதவைத் திறந்து போட்டுட்டு, வந்து திருடுன்னா என்ன அர்த்தம்? இவ்ளோ வருஷம் உன் வீட்ல திருடினவனுக்கு ஒரு பூட்டுகூடப் போட மாட்டியா?"

கேலியாகத்தான் சொன்னான். வெர்னுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தன் வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த ஆட்டக்காரனைப் பிச்சைக்காரனாக நிற்க வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அம்பயரிடம் சொல்லிவிட்டு ஆட்டத்தை நிறுத்தி, முகக்கூண்டைக் கழற்றிக்கொண்டு நேரே ஹட்ச்சிடம் போனான்.

"பேஸ்ல போய் நில்லு. அவனைப் பிடிச்சு வை."

"மானேஜர் வேண்டாம்னாரே."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ போ."

ப்ரூயிட் ஓரத்திலிருந்து கத்திய வசவை இங்கே எழுத முடியாது. வெர்ன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஹட்ச் பேஸுக்கு வந்ததும் ஏமோஸ் மெல்ல நாலடி விலகிக் குனிந்தான். பிட்சர் அவனைப் பேஸிலேயே மடக்கப் பார்த்து பந்தை ஹட்ச்சுக்கு வீசினான். ஏமோஸ் தரையோடு தரையாகப் பாய்ந்து திரும்பினான். மறுபடி வீசினான், மறுபடி பாய்ந்தான். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். அப்பாடா, மரியாதை கிடைத்துவிட்டது.

வெர்ன் உட்கார்ந்து, பந்தை வெளியே உயரமாகப் போடு என்று விரலால் காட்டினான். அடிக்கிறவனுக்கு எட்டாத, எறிவதற்குத் தோதான பந்து. காலைக் குத்திட்டு எழும்போது அவன் மனசில் ஆசை இரண்டு இருந்தது. ஏமோஸ் ஜெயிக்க வேண்டும். அவனை நான் பிடிக்க வேண்டும். கை மட்டும் ஒன்றைத்தான் கேட்டது.

ஏமோஸ் கிளம்பினான். வலிக்கிற தொடையைப் பற்றிக் கவலையே படாமல், இருபது வயதுக்காரனைப் போல ஓடினான். வெர்னின் பந்து தலை உயரத்தில் நேர்கோடாகப் போனது. அப்படி ஒரு எறி அவன் அதற்கு முன்னும் எறிந்ததில்லை, பின்னும் எறிந்ததில்லை. புழுதி எழுந்து அடங்கியது. பேஸுக்கும் ஏமோஸின் விரலுக்கும் நடுவே, பந்தோடு இரண்டாம் பேஸைக் காக்கிறவனின் கையுறை இருந்தது.

அம்பயருக்கே மனசு வரவில்லை. கொஞ்சம் நின்று, பிறகுதான் கையை மடக்கி உயர்த்தினார். அவுட். ஆட்டமும் முடிந்தது, ஏமோஸும் முடிந்தான். முதலிடத்தில் இரண்டு பெயர் ஒன்றாகவே நின்றுவிட்டன.

 பிறகு வெர்னின் மேல் பாட்டில்களும் வசவும் வந்து விழுந்தன. அவன் நகரவில்லை. அழுதுகொண்டிருந்தான், மறைக்கவும் இல்லை.

ஏமோஸ் எழுந்து, பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே தன் ஆட்களைத் தாண்டி வெர்னிடம் வந்தான். 

"மன்னிச்சிரு ஏமோஸ்" என்றான் வெர்ன்.

"நீ கொஞ்சம் மெதுவா எறிஞ்சிருந்தேன்னு வெச்சிக்கோ, செத்தாலும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

வெர்ன் பந்துக்காகக் கையை நீட்டினான். தன் வாழ்நாளின் ஒரே எறி. அதை வீட்டில் வைக்க அவனுக்கு ஆசை இருக்காதா?

ஏமோஸ் கொடுக்கவில்லை. பந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"இது எனக்கு. என்னைச் சுத்தமாப் பிடிச்சது இது ஒண்ணுதான்."