கொழுக்கி போட்ட கை

துணி தேய்க்கும் ரோலருக்குள்ளிருந்து வரும் படுக்கை விரிப்பு கையைச் சுடும். சுடச்சுட அதன் இரண்டு மூலைகளைச் சிவமலர் பிடிப்பாள், மற்ற இரண்டையும் கமலாம்பிகை பிடிப்பாள். இழுத்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மூலைகளைக் கொடுக்க வேண்டும். பிறகு விலகி, பிறகும் சேர வேண்டும். இலண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த அந்த லாண்டரிக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் ஓயாமல் வரும். தனி ஆள் செய்கிற வேலை இல்லை அது.

அந்தத் திங்கட்கிழமை கமலாம்பிகை நடந்து வந்தாள், கை கொடுக்கவில்லை. ஓரடி தள்ளி நின்று மூலைகளை எறிந்தாள். விரிப்பு நிலத்தில் விழுந்தது.

"மச்சாள், ஊத்தை பிரளுது," என்றாள் சிவமலர், குனிந்து எடுத்தபடி.

"என்னை மச்சாளெண்டு கூப்பிடாதையும்."

பக்கத்து மேசையில் துவாய் மடித்துக்கொண்டிருந்த லூர்தம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கமலாம்பிகை கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வேறு மெஷினுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள்வரைக்கும் எல்லாம் நல்லபடிதான் இருந்தது. கமலாம்பிகையின் தம்பி பாலேந்திராவுக்குக் கட்டிக்கொடுப்பதற்காகத்தான் சிவமலரை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வந்ததிலிருந்து கமலாம்பிகை வீட்டில்தான் இருப்பு. லாண்டரி வேலையும் அவள் எடுத்துக் கொடுத்ததுதான். தை மாதத்தில் கல்யாணம், ஹாலும் பேசியாகிவிட்டது. பாலேந்திரா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு தின்றுவிட்டு, தலையைக் குனிந்தபடி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். கூச்சக்காரன். அந்தக் கூச்சம் சிவமலருக்குப் பிடித்திருந்தது.

தம்பி இலண்டன் வந்த கதையைக் கமலாம்பிகை சொல்லக் கேட்க வேண்டும். "மூண்டு எயார்போட்டில மூண்டு பேர் அவனுக்கு. ஒரு இடத்தில சிங்களப் பேர் கூட. ஒருத்தனும் பிடிக்கேலாமல் போச்சு. அவ்வளவு கெட்டிக்காரன்." வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை தேத்தண்ணீரோடு சேர்ந்து வரும்.

சிவமலர் வந்த பாதையும் லேசுப்பட்டதல்ல. மொஸ்கோவில் விமான நிலையத்து வாங்குப் பலகையிலேயே கிடந்தாள். கிழக்கு பெர்லினில் ரயில் ஏறி மேற்கில் இறங்கினாள். அங்கிருந்து ஒரு வானின் பின்பக்கத்தில், முட்டைக்கோவாப் பெட்டிகளுக்கு நடுவில் மடங்கிக் கிடந்து பாரிஸ். பாரிஸிலிருந்து இலண்டனுக்கு ஒரு புருஷன் பெண்சாதியின் பாஸ்போர்ட்தான் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் இருந்தது. புருஷனாக வந்தவர் சிவானந்தன் என்கிற நடுத்தர வயதுக்காரர், ஊரில் பெண்சாதியும் பிள்ளைகளும் உள்ளவர். வழி முழுக்க அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். வெள்ளைக்காரன் நம்பவேண்டும் என்று ஏஜென்சிக்காரன் ஒரு கவரிங் தாலிக்கொடி கொடுத்திருந்தான். பிரெஞ்சுக் கரையில் கலே துறைமுகத்துக்குக் கிட்ட, ஓடுகிற வானில், குளிரில் விறைத்த விரலால் அவளுக்குப் பின்கழுத்துக் கொழுக்கியைக் கொழுவ முடியவில்லை. சிவானந்தன் கொழுவிவிட்டார். டோவரில் இறங்கி இமிகிரேஷனைத் தாண்டிய பிறகு கழற்றிக் கொடுத்தாள். கழுத்து அரித்தது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம்.

ஞாயிறு மத்தியானம் கமலாம்பிகை கல்யாணத்துக்கான புதுத் தாலிக்கொடியைக் கொண்டுவந்து காட்டினாள். இல்ஃபோர்ட்டில் ஒரு பத்தரிடம் சொல்லிச் செய்வித்தது. "கொழுக்கி இறுக்கமோ எண்டு பாரும்," என்றாள். சிவமலர் சந்தோஷத்தில் இருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"இது நல்ல லேசு மச்சாள். வாற வழியில போட்டது சரியான இறுக்கம். சிவானந்தன் அண்ணைதான் கொழுவிவிட்டவர்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாலேந்திராவின் மூன்று பேர்க் கதைக்கு எல்லாரும் சிரித்ததைப் போல இதற்கும் சிரிப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கமலாம்பிகை கொடியைத் திருப்பி வாங்கினாள். பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"ஒரு ஆம்பிளை உம்மட கழுத்தில கொடி போட்டவனோ?"

"கவரிங் மச்சாள். பாஸ்போர்ட்டுக்காக."

"கவரிங்கோ பவுனோ, போட்டது ஆம்பிளைதானே. ஒருத்தன் கை பட்ட கழுத்தில என்ர தம்பி எப்பிடித் தாலி கட்டுறது?"

அவ்வளவுதான். ஐரோப்பா முழுக்கக் கடந்து வந்ததெல்லாம் ஒரு கொழுக்கியில் போய் நின்றது. அன்று பின்னேரமே கமலாம்பிகை டெலிபோனில் ஹாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு வீடு பார்த்துப் போகும்படி சிவமலரிடமும் சொன்னாள். பாலேந்திரா அன்று சோறு தின்ன வரவில்லை.

லாண்டரியில் துணைக்கு ஆளில்லாமல் சிவமலர் விரிப்பின் நடுப்பகுதியை நாடியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக மடித்தாள். அரைவாசி நிலத்தில் இழுபட்டது. சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டுப் போனான். அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்ததுதான் மிச்சம்.

தேத்தண்ணீர் நேரத்தில் லூர்தம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, தானும் மகளுமாக ஒரு அறையில் இருப்பவள்.

"எங்கட அறையில கட்டில் இல்லை பிள்ளை. சோபாதான். பையைத் தூக்கிக்கொண்டு வாரும்."

"அதுக்கு முதல் அவரை ஒருக்காப் பாக்க வேணும் அக்கா. அவர் வாயால கேக்க வேணும்."

வேலை முடிந்ததும், காலையிலேயே கொண்டுவந்திருந்த உடுப்புப் பையோடு, பாலேந்திரா வேலை செய்கிற பெட்ரோல் ஸ்டேஷனுக்கு நேரே போனாள். அவன் கண்ணாடிக்குப் பின்னால் கல்லாவில் நின்றான். அவளைக் கண்டதும் சூயிங்கம் அடுக்கை ஒழுங்குபடுத்தத் தொடங்கினான்.

"அக்கா சொன்னவ," என்றான்.

"அக்கா சொன்னதை நான் கேட்டாச்சு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது. நீர் பிழை விட்டனீர் எண்டு நான் சொல்லேல்லை."

"அப்ப?"

அவன் வெளியே நின்ற கார்களைப் பார்த்தான். "பேப்பரில எண்டாலும் நீர் இன்னொருத்தன்ர பெண்சாதியா வந்தனீர். நாளைக்கு ஆரும் ஒரு கதை கதைச்சால் எனக்குத் தாங்கேலாது."

"கணேஷ்!" என்று உள்ளறையிலிருந்து மனேஜர் கத்தினான்.

"யெஸ் சேர்," என்றான் பாலேந்திரா, உடனே, திரும்பிப் பார்த்தபடி.

சிவமலர் அப்போதுதான் அவன் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பேர் அட்டை குத்தியிருந்தது. கணேசலிங்கம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. வேலை செய்ய உரிமை உள்ள யாரோ ஒருவனின் பேர் அது. வந்த நாளிலிருந்து அந்தப் பேரில்தான் அவன் வேலை செய்தான். அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்த்தான். பேர் மாறினதால் அவனில் மட்டும் ஒரு களங்கமும் ஒட்டவில்லை.

 பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பாலேந்திரா எண்டு ஒருத்தரைத் தேடி வந்தனான்," என்றாள், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "அப்பிடி ஒருத்தர் இஞ்ச வேலை செய்யேல்லைப் போல."

அவன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து இரண்டாம் தடவை சத்தம் வந்தது.

"கணேஷ்!"

"கமிங் சேர்," என்று சொல்லி, சரிந்திருந்த பேர் அட்டையை நேராக்கிக்கொண்டு அவன் உள்ளே ஓடினான்.